குருவி இல்லாத மாதம்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நானும் உன் மகளும் சுகம். எழுதிவிட்டு ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தேன், சரிதான், காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார்? போன ஞாயிறு பேசும்போது உன் குரல் கம்மியிருந்தது. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது போல. காதை மூடிக்கொள்.

வாராவாரம் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். குருவி போனை விட்டால்தானே நான் பேசுவதற்கு? தெரியாமலா அவளுக்கு அந்தப் பெயர் வைத்தோம். ஏழாம் வகுப்புக்கு வந்தும் வாய் ஓயவில்லை. அவள் முடித்துவிட்டுக் கொடுக்கும்போது நீ "சாப்பிட்டீங்களா?" என்பாய், நான் "ஆச்சு" என்பேன், அதற்குள் அங்கே யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரிகள் மேலே ஏறுவது எனக்கே தெரிகிறது.

விஷயம் இதுதான். அவள் பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமைகளில் காலேஜுக்கே கூட்டிப்போய் வகுப்பு நடத்துகிறார்கள். வீட்டில் யாரும் காலேஜ் படிக்காத, கைக்கும் வாய்க்குமாக ஓடுகிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம். இப்போதிருந்தே பழக்கினால்தான் பின்னால் காலேஜில் சேரும்போது மிரளமாட்டார்களாம். "நம்ம ஏழைங்கன்னு எப்படிப்பா கண்டுபிடிச்சாங்க?" என்று உன் மகள் கேட்டாள். "உன் செருப்பைப் பாத்திருப்பாங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கிருந்த கூச்சமும் போய்விட்டது.

பெற்றோர் கூட்டத்துக்குக் குருவியோடு நானும் போனேன். சலவைக்கூடத்தில் அரை நாள் கேட்டதற்கு மேற்பார்வையாளர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார், ஆஸ்பத்திரித் துணி எல்லாம் என் ஒருவன் தலையில்தான் நிற்கிறது போல. போனால் போகிறார். காலேஜில் நாற்காலிகள் படிப்படியாக மேலே போகிற ஒரு பெரிய அறை. நான் கடைசி வரிசைக்கு ஏறிப் போய் உட்கார்ந்தேன். வகுப்பை நடத்துகிறவர் அங்கேயே கணக்கு சொல்லித்தருகிற பெண். சின்ன வயசுதான். குருவி அவருக்குச் சனிக்கிழமை டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறாள். அவருடைய அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவராம். அதை அவரே சொன்னார், பெருமையாகவும் இல்லை, மறைத்தும் இல்லை, ரத்த வகையைச் சொல்வது போலச் சொன்னார்.

எட்டாம் வகுப்பில் கணக்கு இரண்டாகப் பிரிகிறதாம். உனக்குத் தெரியுமா இது? கஷ்டமான கணக்கு ஒன்று, சுலபமான கணக்கு ஒன்று. சுலபமானதை எடுத்த பிள்ளைக்குப் பிறகு காலேஜில் பாதிப் பாடங்கள் கிடைக்காது. எடுத்துச்சொல்ல ஆள் இல்லாததால் நம் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் சுலபமானதைத்தான் எடுக்கிறார்கள் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் நானும் "எது சுலபமோ அதை எடு கண்ணு" என்றுதான் சொல்லியிருப்பேன், அதுவும் அன்பாக.

கடைசியில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டார். பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளையை எங்கே பார்க்க ஆசைப்படுகிறீர்கள்? முன்வரிசைக்காரர் ஆஸ்பத்திரியில் டாக்டராக என்றார். நம் மாடி வீட்டுத் தையல்காரம்மா தன் பையனைக் கோர்ட்டில் பார்க்க வேண்டும் என்றார், பிறகு பதறிப்போய் "வக்கீலா!" என்று சேர்த்தார். என் முறை வந்தது. எனக்கு வாயில் வந்தது ஒரே வார்த்தைதான். "வீட்டுல" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குருவி பேசவே இல்லை. அவள் பேசாமல் இருந்தால் பஸ் சத்தம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இறங்குகிற நேரத்தில் "எல்லாரும் சிரிச்சாங்கப்பா" என்றாள். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று கேட்டேன். "எங்க வேணும்னாலும்னு சொல்லியிருக்கலாம்" என்றாள். இருந்திருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

விடுமுறை மாதத்தில் உனக்கு லீவு உறுதி என்று நீ சொன்னதிலிருந்து அவள் தரையில் நடப்பதில்லை. நீ வருவதற்குள் ஜன்னல் ஒழுகுவதைச் சரிசெய்துவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். பெரியவரைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் எழுத்தைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது. குருவி இரண்டு தரம் சத்தமாகப் படித்தாள். நான் பிறகு தனியாக ஒரு தரம். பெரியவர் உன்னைத் தன் தங்கை என்று நினைத்துத் திட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். திட்டட்டும், தங்கையைத்தானே திட்டுகிறார்.

ஜன்னல் சரியாகிவிட்டது. தையல்காரம்மா மிச்சத் துணியில் திரை தைத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை. "அவ வந்து பாத்துட்டு எந்தப் பக்கம் வேணும்னு சொல்லட்டும்" என்கிறார்.

சனிக்கிழமை வகுப்பு என்றால் இன்னொரு பள்ளிக்கூடம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. முதல் நாள் பிள்ளைகளை அந்தப் பெரிய அறையில் உட்கார வைத்தார்களாம். எழுந்தால் தானாக மடங்கிக்கொள்கிற நாற்காலி. உன் மகள் இருக்கிற கனத்துக்கு அது உட்கார்ந்திருக்கும்போதே மடங்கி, ஆளையே விழுங்கிவிட்டதாம். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்களாம். "காலேஜுக்கு என்னைப் பிடிச்சிருக்குப்பா, விடமாட்டேங்குது" என்று வந்து சொல்கிறாள். இவள் வாய்க்கு நான் எங்கே போவேன்!

இன்னொரு நாள் முழுக்க ஒரே பாடம், "எனக்குப் புரியல" என்று எப்படிச் சொல்வது என்று. சத்தமாக, தலையைக் குனியாமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எந்த இடத்தில் புரியவில்லை என்றும் காட்ட வேண்டும். காலேஜில் தோற்றுப்போகிற பிள்ளைகள் பாதிப்பேர் புத்தி இல்லாமல் தோற்பதில்லை, இதைச் சொல்லத் தெரியாமல்தான் தோற்கிறார்கள் என்றாராம் டீச்சர். தையல்காரம்மாவின் பையன் அழுதுவிட்டானாம். உன் மகளுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் பழகிப் பார்த்தாள். நான் எது சொன்னாலும் "எனக்குப் புரியல" என்றாள். பாத்திரம் கழுவச் சொன்னதும் அவளுக்குப் புரியவில்லை.

போன ஞாயிறு சலவைக்கூடத்தின் புகைபோக்கி எவ்வளவு உயரம் என்று அளக்க வந்தாள். மேலே ஏறாமலே அளக்கலாமாம். என்னை வெயிலில் விறைப்பாக நிற்கவைத்து என் நிழலை அளந்தாள், பிறகு புகைபோக்கியின் நிழலை. என் உயரத்தை என் நிழலோடு வைத்துப் பார்த்து அதன் உயரத்தைச் சொல்லிவிட்டாள். வாட்ச்மேன் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "எங்கப்பாவை அளக்கறேன்" என்றாள். அந்த வெயிலில் நான் நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும். அசையாதீங்க அசையாதீங்க என்று அவள் கத்த, நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தேன்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

வெளியூரில் இருக்கிற பெரிய பல்கலைக்கழகத்தில் விடுமுறையில் ஒரு மாதம் தங்கிப் படிக்க, இந்த வகுப்பிலிருந்து நான்கைந்து பேரைத்தான் எடுப்பார்கள். எட்டாம் வகுப்புக் கஷ்டமான கணக்குக்கு வேண்டியதெல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம். நம் பள்ளிக்கூடத்தில் அது நடக்காது. உனக்குத்தான் தெரியுமே, கணக்கு வாத்தியார் பாதி நாள் வருவதில்லை. அங்கே போய்வந்த பிள்ளையைக் காலேஜ் சேரும்வரை அவர்களே கூட இருந்து பார்த்துக்கொள்வார்களாம். நமக்குச் செலவு எதுவும் இல்லை. குருவியின் பெயரைத்தான் முதலில் சொல்வேன் என்று டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

நீ வருகிற அதே மாதம்.

நீ மறுபடி அங்கே கிளம்பிப் போவதற்கு முந்தின நாள்தான் அவள் வந்து சேர்வாள். டீச்சரிடம் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் சேருகிற இடம், அது அவர் கையில் இல்லை. உன் லீவும் உன் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். பெரியவரின் மகள் வந்து அவரோடு இருக்கிற ஒரு மாதம்தானே உனக்கு.

குருவியிடம் தங்கிப் படிக்கிற விஷயத்தைச் சொன்னேன், தேதியைச் சொல்லவில்லை. என்ன செய்யலாம் என்று நீ எழுது. யோசித்து எழுது. ஆனால் சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


அன்புள்ள உனக்கு,

நீ எழுதியது கிடைப்பதற்கு முன்னாலேயே இங்கே ஒன்று நடந்துவிட்டது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சலவைக்கூடத்தின் பின்வாசலில் யாரோ தேடி வந்திருக்கிறார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் சனிக்கிழமை டீச்சர். நான் ஈரக் கையோடு, நனைந்த சட்டையோடு நிற்கிறேன். உள்ளே நீராவிச் சத்தம் காதைப் பிளக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்று பேசினோம். வெளியூர்ப் படிப்புக்குப் பிள்ளைகளை எடுப்பதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து ஒவ்வொருவரிடமும் பேசினார்களாம். நம் குருவி வாயைத் திறக்கவில்லையாம். பெயரைக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாளாம். கணக்குக் கொடுத்தால் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். "உடம்பு சரியில்லையான்னு கேட்டேன், இல்லேன்னு தலையாட்டுறா. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

வீட்டில் என்ன பிரச்சினை? வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

அவருக்கு உன் லீவைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். "தேதி அவளுக்குத் தெரியும் சார். எல்லாருக்கும் முன்னாடி அவதான் எங்கிட்ட கேட்டா" என்றார். நான்தான் மறைத்துவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முந்தியே கணக்குப் போட்டு, முடிவும் எடுத்துவிட்டாள்.

அன்று சாயந்திரம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மாவிடம் ஊசி வாங்கியிருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அவளாகச் சொல்லிவிட்டாள். "நான் பெயிலாகல. சும்மா இருந்தேன்."

ஏன் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டிக் குறைத்து எழுத எனக்குத் தெம்பில்லை. "போன தடவை அம்மா வந்தப்போ, மொதல்ல எனக்கு அவங்ககிட்ட பேச வெக்கமா இருந்துச்சுப்பா. போன்ல பேசுற அம்மாவும் இவங்களும் வேற வேற ஆளு மாதிரி. அப்புறம் மெல்ல மெல்லப் பழகி, ராத்திரி அவங்க பக்கத்துல படுக்கலாம்னு நெனச்சப்போ அவங்க பொட்டி கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இந்தத் தடவை வந்த அன்னிக்கே பேசிடணும்னு இருந்தேன்."

அழவில்லை. செருப்பைத் தைத்துக்கொண்டே சொன்னாள்.

போகாதே என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உனக்குத் தெரியுமா? ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் உங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது. ஊசியை வாங்கி மிச்சத்தை நான் தைத்தேன்.

டீச்சர் அந்த இரண்டு பேரிடமும் பேசி, இன்னொரு முறை குருவியைப் பார்க்கச் சம்மதம் வாங்கியிருக்கிறார். வருகிற வாரத்துக்கு அடுத்த வாரம். போ என்று நான் சொன்னால் நான் தள்ளிவிடுகிறேன் என்று நினைப்பாள். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீ பேசு. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் நீ பேசு. என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தரவில்லை. நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் மகளை எடுத்துவிட்டார்கள்! போனில் அவளே கத்திச் சொல்லியிருப்பாள், இருந்தாலும் நானும் ஒரு தரம் எழுதிப் பார்க்கிறேன். எடுத்துவிட்டார்கள். தையல்காரம்மாவின் பையனும் போகிறான்.

அந்த ஞாயிறு நீ பேசும்போது அவள் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள், எனக்குக் கேட்கக் கூடாதாம். வெளியே வரும்போது கண் இரண்டும் வீங்கியிருந்தன. "போறேன்பா" என்றாள். அவ்வளவுதான். அப்படி என்னதான் சொன்னாய்? சொல்ல வேண்டாம். உங்கள் இருவருக்கும் நடுவில் அப்படி ஒன்று இருப்பது எனக்குச் சந்தோஷம்தான்.

இரண்டாவது முறை அந்த இருவரிடமும் இவள் பேசிய பேச்சில், போதும் போதும் என்று அவர்களே நிறுத்தினார்களாம். ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு "எனக்குப் புரியல, இந்த இடத்துல" என்று கையை வைத்துக் காட்டினாளாம். அவர்கள் மறுபடி பார்த்தால், கேள்வியிலேயே ஓர் எண் தப்பாக அச்சாகியிருந்ததாம். டீச்சர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பெட்டி ஒன்று டீச்சர் தருகிறார். போர்வையும் துண்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர் வந்து பார்க்கலாமாம். காலை ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் போய்விடலாம்.

நேற்று நீ என்னிடம் தனியாகச் சொன்னதைப் பற்றி. அவள் இல்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்யப் போகிறேன், டிக்கெட் காசாவது மிஞ்சும், அடுத்த வருஷம் அவள் இருக்கிற மாதமாகப் பார்த்து வருகிறேன் என்றாய். நான் சரி என்றேன். சரிதான். நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


என் அன்புக்குரியவளுக்கு,

முந்தின கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பேனாவை மூடி வைக்க மனம் வரவில்லை. அதனால் இது. இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தால் இதை மட்டும் படி.

நான் சரி என்றது சரியில்லை.

சலவைக்கூடத்தில் பெரிய விரிப்புகளை நாங்கள் இன்னும் கையால்தான் மடிக்கிறோம். அந்த முனையில் ஒருவர், இந்த முனையில் ஒருவர். இழுத்து உதறி, இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையை முனையோடு சேர்க்க வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. வீட்டுக்கு வந்து நம் கட்டில் விரிப்பை மடிக்கும்போது ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொள்கிறேன். நீ போன நாளிலிருந்து அப்படித்தான். குருவி பிடிக்கிறேன் என்று வருவாள். நானே மடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவேன். அது ஏன் என்று எனக்கே இப்போதுதான் புரிகிறது.

நீ அங்கே போன பிறகு நாம் பேசியதெல்லாம் அவளைப் பற்றித்தான். அவளுக்குக் காய்ச்சல், அவளுக்குச் சட்டை பத்தவில்லை, அவள் முதல் மார்க். இந்தக் கடிதங்களைத்தான் எடுத்துப் பாரேன், என்னைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது? உன்னைப் பற்றி நான் கேட்டதும் அந்தப் பெரியவரைச் சுற்றியேதான் வருகிறது. அவள் இல்லாத வீட்டில் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவோம் என்று உனக்குப் பயமாக இருக்கலாம். எனக்கும் பயம்தான். உன் கையில் இப்போது தழும்பு ஏதாவது இருக்கிறதா, நீ எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாய், அங்கே யாரோடு சிரிக்கிறாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. எனக்கு முன்நெற்றியில் முடி போய்விட்டது. போனில் முகம் பார்த்துப் பேசும்போது அது தெரியாதபடி பிடித்துக்கொள்கிறேன்.

பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேசாமல் இருப்போம். நீ தூங்கு. எத்தனை வருஷத் தூக்கம் உனக்குப் பாக்கி இருக்கிறது. யாரும் உன்னைக் கூப்பிடமாட்டார்கள். நான் வேலைக்குப் போய்விட்டு வருவேன், நீ அங்கே இருப்பாய். எனக்கு அது போதும். அது கொஞ்சம்தானே என்று நீ நினைக்காதே.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலில் போய் அவளைப் பார்ப்போம். அவள் படிக்கிற இடத்தை நீயும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டாமா?

அந்த மாதம் குருவி ஊரில் இருக்கமாட்டாள். ஆனாலும் நீ வா. அவளுக்காக இல்லை, எனக்காக வா. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, போனிலும் வராது. எழுதிவிட்டேன். தயவுசெய்து வா.

உன்னுடைய,
நான்


எங்கள் குருவிக்கு,

அப்பா எழுதுகிறேன். சனிக்கிழமை டீச்சர் நாளை அங்கே வருகிறாராம், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறோம். அங்கே உங்களைப் போனில் பேச விடாதது ஒரு விதத்தில் நல்லது. உன் வாய்க்கு ஓய்வு, எங்கள் காதுக்கு ஓய்வு.

அம்மா வந்துவிட்டாள். திங்கட்கிழமை வந்தாள். விமான நிலையத்தில் அவள் வெளியே வரும்போது நான் வேறு ஒரு பெண்ணைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து என் தோளைத் தட்டினாள். ஊரெல்லாம் இதைச் சொல்லிவிட்டாள், நீயும் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் கேட்பாய். பஸ்ஸில் ரொம்ப தூரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அம்மா "சாப்பிட்டீங்களா?" என்றாள். நான் "ஆச்சு" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உன் பழைய செருப்பைப் பார்த்து, அதில் காலை நுழைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. "ஏங்க, என் காலளவு வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். உனக்கு இதை எழுத வேண்டாம் என்றாள், எழுதுகிறேன். இரண்டு நாள் அதையே போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வந்தாள். திரைக்குப் பச்சைப் பக்கம்தான் பிடித்திருக்கிறதாம். தையல்காரம்மாவுக்கு நீலம் பிடிக்கும், அதனால் சண்டை நடக்கிறது.

மற்ற நேரமெல்லாம் தூங்குகிறாள். இப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள், இதோ எழுந்து வந்து என் தோளுக்கு மேலே குனிந்து படிக்கிறாள். கையெழுத்து மேலே ஏறுகிறதாம்.

அம்மா சொல்கிறாள், எழுதிக்கொள்ளச் சொல்கிறாள்: ராத்திரி தலையைத் துவட்டாமல் படுக்காதே. கணக்கு வராவிட்டால் அழாதே, கேள். உன்னைவிட நன்றாகப் படிக்கிற பிள்ளையோடு சிநேகம் வைத்துக்கொள், உன்னைவிடப் பயந்த பிள்ளையோடும். எங்களை நினைத்துப் படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இதைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நினைத்துக்கொள் என்றும் எழுதச் சொல்கிறாள்.

அப்பாவும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நீ ரயில் ஏறியபோது நான் ஜன்னல் பக்கம் வராமல் தூணுக்குப் பின்னால் நின்றேன், பார்த்திருப்பாய். உனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். நீ இன்னும் எத்தனையோ ரயில் ஏற வேண்டியவள். எல்லாவற்றிலும் ஏறு. அடுத்த முறை தூணுக்கு முன்னால் நிற்கிறேன்.

நாளை மறுநாள் காலை ரயிலில் வருகிறோம். கேட்டைத் தாண்டி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்துவிடாதே என்கிறாள் அம்மா. சில பிள்ளைகளின் வீட்டிலிருந்து யாரும் வர முடியாமல் போயிருக்கலாம், அவர்களுக்கு மனசு கஷ்டப்படும். நீ மெதுவாக நடந்தே வா கண்ணு. ஓடுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நன்றாக இரு.

அம்மாவும் அப்பாவும்